ஈர மூட்டையின் எடை

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துப் பெரியக்கா இடுப்பைப் பிடித்தால் போதும், மேற்பார்வையாளர் அதே பாட்டைப் பாடுவார்: "மூட்டை பதினஞ்சு கிலோதாம்மா, சீட்டைப் பாரு. வீட்டுல என்னத்தைத் தூக்கின?"

பன்னிரண்டு வருஷம் பொறுத்தவள், பயணப்பெட்டி நிறுக்கும் மலிவான கொக்கித் தராசு ஒன்றை வாங்கி வந்தாள். மெஷினிலிருந்து எடுத்த மூட்டையை எல்லோர் முன்னாலும் மாட்டினாள். முள் இருபத்தெட்டில் நின்றது.

மேற்பார்வையாளர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துவைக்கிறதுக்கு முன்னாடி நிறுத்துச் சீட்டு எழுதுறீங்க சார். நாங்க தூக்குறது ஈரத்துணி."

மறுவாரமே மூட்டை பாதியானது, தள்ளுவண்டியும் வந்தது. நிர்வாக உத்தரவுப்படி, சீட்டு எழுத ஒவ்வொரு ஈர மூட்டையையும் தூக்கித் தராசில் மாட்டுவது இப்போது மேற்பார்வையாளர் பொறுப்பு.

நேற்று அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அடடா, வீட்டுல என்னத்தைத் தூக்கினீங்க?" என்றாள் பெரியக்கா.