பெரியூட்டின் பழைய நம்பர்

அன்று காலை ஆபீசில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் பெரியூடு என்கிற எங்கள் பெரிய கம்ப்யூட்டர் திறக்கவில்லை. வழக்கம்போல் கோமதிக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, "அம்மிணி, மறுபடியும் தகராறு பண்ணுது, வெரசா வா" என்று கொட்டித் தீர்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கணவர் சொன்னார்: "கோமதி இல்லீங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னா, போயிட்டாளுங்க." செத்தவளைக் கூப்பிட்டு வேலை சொல்லியிருக்கிறேன், பாவி.

திருச்செங்கோட்டில் பல ஆபீஸ்காரர்களுக்கு அவளைத் தெரியும். குமாரபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவள். நான் போர்வெல் போடும் ரிக் வண்டி ஆபீசில் மேனேஜர். எந்தத் தோட்டத்தில் எப்போது போர் போடவேண்டும் என்ற விவரமெல்லாம் இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குப் பெரியூடு, அதாவது பெரிய வீடு, என்று பெயர் வைத்தவள் அவள்தான். மற்ற கம்ப்யூட்டர்கள் அதை ஒரு நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். "நம்பரு யாருக்குங்ணா ஞாபகம் இருக்கும்? பேரைச் சொன்னாப் போதும், நம்பரை அதுவே தேடிக்கும்" என்பாள்.

போன வருஷம் பெரியூட்டுக்குப் புது மிஷின், புது நம்பர். பழையதும் ஒரு வாரம் ஓடட்டும் என்று விட்டிருந்தாள். மற்றவர்கள் எல்லாரும் புதுசுக்குப் போக, என் கம்ப்யூட்டர் மட்டும் சத்தமில்லாமல் பழையதையே திறந்திருக்கிறது. அதைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்மம்பட்டித் தோட்டத்துக்கு ரிக்கை அனுப்பிவிட்டேன். அன்று ரிக் போயிருக்கவேண்டிய கெங்கவல்லிக்காரர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார். முதலாளி குதித்தார். "மாத்துனவ சரியா மாத்தலீங்க" என்றேன் நான், எல்லார் முன்னாலும்.

கோமதி வந்தாள். பெயர்ப் பட்டியலில் புது நம்பர்தான் இருந்தது. என் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்திருந்ததைத் துடைத்தாள். அப்போதும் பழையதே வந்தது. கடைசியில் உள்ளே ஒரு ஃபைலைத் திறந்தாள்; பட்டியலுக்கு முன்னால் கம்ப்யூட்டர் அதைத்தான் பார்க்குமாம். என்றைக்கோ பெயரைச் சொல்லியும் பெரியூடு திறக்காத ஒருநாள், அவள் வரும்வரை பொறுக்காமல், பெரியூட்டின் பெயரையும் நம்பரையும் நானே அதில் எழுதி வைத்திருந்தேன். சுத்தமாக மறந்துபோயிருந்தது. "மிஷின் மறக்காதுங்ணா. எழுதுனவங்கதான் அழிக்கோணும்" என்று மெதுவாகச் சொல்லி, அவளே அழித்தாள்.

முதலாளி வந்து என்னவென்று கேட்டார். "பழைய வரி ஒண்ணு தங்கிருச்சுங்க, எடுத்துட்டேனுங்க." யார் எழுதியது என்று அவள் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தப்பை மனசில் வைத்து, ஆத்தூரில் திறந்த புதுக் கிளையின் கம்ப்யூட்டர் வேலையை முதலாளி வேறொருவருக்குக் கொடுத்தார். அந்த வேலை கிடைக்கும் என்று நம்பி அவள் அங்கே ஒரு கடை பார்த்து வைத்திருந்தாள். அதற்கப்புறமும், "ஏனுங்ணா, டீ சொல்லலீங்களா?" என்றுதான் சிரித்துக்கொண்டு வந்தாள்.

காரியத்தன்று முதலாளி சொன்னார்: "தங்கமான புள்ள. அன்னிக்கு ஒருதடவ கோட்டை விட்டுட்டா." அப்போதும் குனிந்தே நின்றேன்.

என் கம்ப்யூட்டரில் அவள் ஒட்டிய சீட்டு இருக்கிறது: 'திட்டறதுக்கு முன்னால அந்த ஃபைலைப் பாருங்ணா.' அவளுடையதாக என்னிடம் மிஞ்சியது அதுதான். முதலாளியும் இதைப் படிப்பார். கோமதி எதையும் கோட்டை விடவில்லைங்க. அந்த வரியை எழுதியவன் நான்.