வெள்ளிக்கிழமைத் தூக்கம்

வியாழக்கிழமை மதியம் துபாயில் இறங்கினேன். திருவனந்தபுரத்திலிருந்து நாலு மணி நேரப் பறப்பு. விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவு திறந்ததும் இட்லிக் கொப்பரை மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் ஆவி அடித்தது. செப்டம்பரில் யாராவது துபாய்க்கு வருவார்களா என்று பாளையங்கோட்டையில் கேட்காத ஆளில்லை. டிக்கெட் மலிவாகக் கிடைக்கிற மாதத்தில்தானே என்னைப் போன்ற பென்ஷன்காரி வர முடியும்?

தங்கை கிரேஸுக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. அவள் கணவர் செல்வின்தான் காரோடு நின்றார். பர் துபாயில் அவர்கள் வீடு. மீனா பஜார் பக்கத்தில் கார் நிறுத்த இடம் தேடிய நேரத்தில் ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டேன்.

"நாளைக்கு உங்களுக்காவ லீவு போட்டிருக்கேன் மைனி. உயரமான கட்டடம் பாக்கணுமா, எங்க சர்ச்சு ஹாலப் பாக்கணுமா?" என்றார்.

கட்டடம் எங்கேயும் போகாது, சர்ச்சையே பார்க்கலாம் என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதே கேள்வி ஒப்புக்குத்தான் என்று புரிந்துவிட்டது.

வெள்ளி காலை ஜெபல் அலிக்குப் புறப்பட்டோம். முப்பத்தைந்து கிலோமீட்டர். ஒரே மதிலுக்குள் பல நாட்டுச் சபைகள் ஆலயம் கட்டியிருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ பள்ளிக்கூடம் என்றுதான் நினைப்போம். கொஞ்ச தூரத்தில் தொழிலாளர் கேம்ப்கள், வரிசை வரிசையாக, எல்லா ஜன்னலிலும் துணி காய்ந்துகொண்டு.

போகும் வழியில் செல்வின் கதையைச் சொன்னார். முன்பெல்லாம் துபாயில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஆராதனையும் அன்றைக்குத்தான். ஹாலில் கேம்ப் ஆள்களுக்கு ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், முடி வெட்டுவார்கள், டீ கொடுப்பார்கள். சுற்றியிருக்கிறவர்களுக்கு உதவ வேண்டும் என்று சபைக்கே பெரிய ஆசை. பிறகு விடுமுறை சனி ஞாயிறுக்கு மாறியது. நம் ஊர் போலவே ஞாயிறு ஆராதனை வந்துவிட்டதென்று எல்லோருக்கும் கொண்டாட்டம். ஆனால் அக்கம்பக்கத்துக் கேம்ப்களில் பல கம்பெனிகள் வெள்ளிக்கிழமை லீவை மாற்றவே இல்லை.

"பழக்கத்துல வந்து மதில் நிழல்ல உக்காந்திருந்தாவ மைனி. பாக்க மனசு கேக்கல. ஹாலத் தொறந்து ஏசியப் போட்டு விட்டேன். அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் தரையில சாஞ்சிட்டாவ."

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். செல்வினுக்கு வெள்ளியன்று அரை நாள் டூட்டி. அலுவலகம் பக்கத்தில்தான். விடிந்ததும் வந்து திறப்பார், மதியம் திரும்பி வந்து சாயங்காலம் பூட்டுவார். பிரசங்கம் கிடையாது, துண்டுப் பிரசுரம் கிடையாது. விளக்கை அணைத்துவிட வேண்டும், போனைச் சத்தமில்லாமல் வைக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

செல்வின் கதவைத் திறந்துவிட்ட கொஞ்ச நேரத்திலேயே வாசலில் கனத்த பூட்ஸுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. உள்ளே இருட்டு. கண் பழகியதும் பார்த்தேன். கம்பளத்தில் சுவரோரம் தொடங்கி நடு ஹால்வரை ஆண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாவட்டத்துக்காரர்கள், வங்காளதேசத்துக்காரர்கள், ஜும்மா தொழுகைக்கு எழுப்பிவிடச் சொல்லிவிட்டுப் படுத்தவர்கள். ஆலயத்தில் தூங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்த்ததில்லை.

வெளியே டீ குடிக்க வந்த முருகேசன் அரியலூர்ப் பக்கத்துக்காரர், கம்பி கட்டும் வேலை. கேம்பில் படுக்கை இல்லையா என்று கேட்டேன்.

"கட்டில்லாம் இருக்கும்மா. ரூம்ல எட்டு பேரு, ஆளுக்கொரு ஷிப்ட்டு. ஒருத்தன் வந்து லைட்டப் போடுவான், ஒருத்தன் எந்திரிச்சு சமைப்பான், ஒருத்தன் பொண்டாட்டிகிட்ட போன்ல சண்ட போடுவான். வாரம் முச்சூடும் அரத் தூக்கந்தான். மேல நின்னு கம்பி கட்டறப்ப கண்ணு சொருவும். இங்க வந்து படுத்தாத்தாம்மா அடுத்த வாரத்துக்கு தெம்பு."

அதற்கப்புறம் அந்த ஊரின் எந்த உயரமான கட்டடத்தையும் என்னால் வேடிக்கையாகப் பார்க்க முடியவில்லை.

ஞாயிறு ஆராதனை அருமை. பாட்டு, பட்டுப்புடவை, முடிவில் பிரியாணி. அதற்குப்பின் கமிட்டிக் கூட்டம். விருந்தாளி என்று என்னையும் உட்காரவைத்தார்கள். சபைச் செயலர் சொந்தக் காசைப் போட்டு நல்லது செய்கிற மனிதர். எல்லோருமே நல்லவர்கள், அதுதான் சங்கடம். ஹாலைச் சமூகப் பயிற்சி மையமாக்கப் போகிறார்களாம். மேசை, கம்ப்யூட்டர், ஆங்கில வகுப்பு. ஞாயிறு சாயங்காலம்.

"அவங்க வெள்ளிக்கிழமதான் ஃப்ரீ சார். ஞாயித்துக்கெழம சைட்ல நிப்பாவ" என்றார் செல்வின்.

"வாலன்டியர்ஸ் ஞாயிறுதானே கிடைப்பாங்க பிரதர்? கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடுவோம், லீவை மாத்திக் குடுப்பாங்க. தூங்குறதுக்கு இடம் குடுக்கிறது ஒரு ஊழியமா? அவங்களை ஒரு படி மேல கொண்டுவர வேண்டாமா?" என்றார் செயலர்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏற்கனவே ரொம்ப மேலதான் நின்னு வேல பாக்காங்க, அங்க தூங்கி விழாம இருக்கணும்லா" என்றேன். சிலர் சிரித்தார்கள். "ஆன்ட்டி சொல்றதையும் மனசுல வச்சுக்குவோம்" என்று செயலர் மரியாதையாகச் சொன்னார். மனதில் வைத்துக்கொள்வதற்கு நோட்டு தேவையில்லை என்பதால் யாரும் குறித்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு சமரசம். மேசைகள் அடுத்த மாதம் வரும். அதுவரை வெள்ளிக்கிழமை நடக்கட்டும், ஆனால் சபையைச் சேர்ந்த ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும்.

செல்வினுக்கு அதுவே பெரிய வெற்றி. ஒரு மாதத்தில் கமிட்டியின் மனதை மாற்றிவிடலாம் என்று வீடு வரும்வரை திட்டம் போட்டார்.

மறு வெள்ளிதான் நான் ஊர் திரும்பும் நாள். விமானம் இரவில். செல்வினுக்கு அலுவலகத்தில் தணிக்கை, விடியுமுன்பே போய்விட வேண்டும், நகர முடியாது. பெரியவர்தானே வேண்டும், நான் போய் உட்கார்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். மெட்ரோவில் ஏழரை திர்ஹாம், இறங்கி டாக்ஸிக்குப் பதின்மூன்று.

"சர்ச்சுக்கோ? கூட்டம் ஞாயித்துக்கிழமையல்லே அம்மா?" என்றார் மலையாளி டிரைவர்.

"இன்னைக்குத் தூக்க ஆராதனை" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

முருகேசனும் மற்றவர்களும் வாசலில் காத்திருந்தார்கள். கதவைத் திறந்தேன். கம்பளத்தைக் காணோம். ஹால் முழுக்கப் புது மேசைகள், தரையோடு முடுக்கியவை, அடியில் வயர்கள், முன்னால் நீல நாற்காலிகள். அடுத்த மாதம் வரவேண்டியது அந்த வாரமே வந்து இறங்கியிருக்கிறது. யாரும் செல்வினிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"சேரெல்லாம் நல்லாருக்கும்மா" என்றார் முருகேசன். எல்லோரும் நாற்காலிகளில் போய் உட்கார்ந்தார்கள், பெண்பார்க்க வந்தவர்கள் மாதிரி நிமிர்ந்து. ஒருவருக்குத் தலை சரிந்து சரிந்து விழுந்தது. மேசைக்கு இடையில் படுங்களேன் என்றேன்.

"வேண்டாம்மா. வயரு கியரு அறுந்துச்சுன்னா செல்வின் அண்ணனுக்குத்தான் கெட்ட பேரு."

டீ குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர், பிறகு நாலு பேர் என்று எழுந்துபோனார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. முருகேசன்தான் கடைசி. இனி எங்கே போவீர்கள் என்று கேட்டதற்கு, "ரூமுக்குத்தாம்மா" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

காலியான ஹாலில் உட்கார்ந்திருந்தபோது செல்வின் போன் செய்தார். "என்ன மைனி, எல்லாரும் வந்துட்டாவளா?"

"வந்தாங்க தம்பி" என்றேன்.

"மெள்ளப் பேசுங்க மைனி, முழிச்சிரப் போறாவ."

குரலைத் தாழ்த்தி, சரி என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இரவு விமான நிலையத்துக்குப் போகும்போது காரில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை இறக்கிவைத்த பிறகுதான் கேட்டார்.

"ஏசவாச்சும் செஞ்சாவளா மைனி?"

"இல்ல தம்பி. சேரையெல்லாம் நேரா எடுத்துப் போட்டுட்டு, தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனாங்க."