குட்டனின் முதுகு

லீலாபாய் வரைந்த மனிதர்கள் யாருக்கும் முதுகு கிடையாது. பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிகளுக்குச் சார்ட் வரைந்து கொடுத்தவர் அவர். சார்ட்டில் நிற்கிற ஆள் கையை விரித்து நம்மைப் பார்த்தபடிதான் நிற்பான். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, அவரும் அப்படியே போட்டார்.

2001-இல் திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டு மாடியில், பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றியும் பறவை, மிருகங்களைப் பற்றியும் சொல்லித்தரும் சிடி ஒன்றைத் தயாரிக்கப் படம் வரைய ஆள் தேடினார்கள். மார்த்தாண்டத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாள்முதல் வீட்டிலிருந்தே வரைந்தவருக்கு முப்பத்தெட்டு வயதில் கிடைத்த முதல் ஆபீஸ் அது. மவுஸை ஈரச் சோப்பைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடிப்பார்.

"எக்கா, அது ஓடிராது," என்பான் புரோகிராமர் நயினார், திருநெல்வேலிப் பையன்.

"ஒனக்கென்ன தெரியும்? நேத்து ஓடிச்சே."

ஆனாலும் ஒரே மாதத்தில் குட்டன் பிறந்துவிட்டான். திரையில் நிற்கும் எட்டு வயசுப் பையன். சட்டைமேல் கிளிக் செய்தால் உள்ளே இதயம் துடிக்கும், நுரையீரல் உப்பும். "பிள்ளைக்கு மூச்சு வாங்குது, மெதுவா விடச் சொல்லு," என்று லீலாபாய் நயினாரை விரட்டுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்துப் பள்ளியிலிருந்து ஆறு பிள்ளைகளை வரவழைத்துக் காட்டினார்கள். குட்டன் தன் இதயத்தைக் காட்டிவிட்டு, "உன் இதயம் எங்கே? கை வை பார்ப்போம்," என்றான். ஆறு பேரும் வலப்பக்க மார்பில் கை வைத்தார்கள். எதிரே திரையில் எந்தப் பக்கம் தெரிந்ததோ, அந்தப் பக்கமே தங்களுக்கும் என்று.

ஆபீஸ் பொறுப்பாளரான அஞ்சு என்பவள் முகம் சுளித்தாள். "லீலச்சேச்சி, எல்லாருக்கும் தெற்றிப்போச்சே, தப்பான பக்கம். நயினார், படத்தை இடம்வலம் மாத்திப் போடு."

லீலாபாய் எழுந்தே விட்டார். "எம்பிள்ளைக்கு இருதயம் வலப்பக்கமா? டாக்டர்மாரு பாத்தா சிரிப்பாங்க மோளே."

"அப்போ திங்கட்கிழமைக்குள்ள சரியாக்கணும் சேச்சி. இதே ஆறு குட்டிகளும் வரும். சரியாகலேன்னா உடம்பை எடுத்துட்டுப் பறவை, மிருகம் மட்டும் போட்டு சிடியை விற்பனைக்கு இறக்கிடலாம்."

பறவைக்கும் மிருகத்துக்கும் போட்டோ இருந்தது. வரைய ஆள் வேண்டாம். அதை அஞ்சு சொல்லவில்லை, சொல்லாமலே லீலாபாய்க்குப் புரிந்தது. தன் வேலை போவதோடு குட்டனையும் அழித்துவிடுவார்கள்.

பிள்ளைகள் கிளம்பினார்கள். மாடிப்படியில் விழாமலிருக்க டீச்சர் வரிசையாக நிறுத்தி, "இடது கை முன்னால நிக்கிறவங்க தோள்ல!" என்றார். ஆறு பேரும் ஒருவர் முதுகைப் பார்த்து ஒருவர் நின்றார்கள். ஒரு கைகூட மாறவில்லை.

"டீச்சரே, ஒரு நிமிஷம்!" என்று லீலாபாய் கடைசியில் நின்ற சிறுமி சபீனாவைப் பிடித்துக்கொண்டார். நயினாரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, அவன் இடப்பக்கத்தில் முன்னால் ஒன்றும் முதுகில் ஒன்றுமாகச் சிவப்புத் தாள் ஒட்டினார்.

"எக்கா, இது எந்தக் கோயில் நேர்ச்சை?"

"ஒனக்க இருதயமாக்கும். அனங்காம, ஆடாம நில்லு."

பின்னால் நின்ற சபீனா, அவன் முதுகைப் பார்த்துத் தன் இடது மார்பில் சரியாகக் கை வைத்தாள். "இப்போ மெல்லத் திரும்பு," என்றார் லீலாபாய். நயினார் திரும்பினான். சபீனா மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, அண்ணனுக்க ஹார்ட்டும் கூடவே சுத்திப்போச்சு!" மார்பில் வைத்த கை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

சனியும் ஞாயிறும் லீலாபாய் முதன்முதலாக முதுகு வரைந்தார். தோள்பட்டை எலும்பு மூன்று தடவை கோணிப்போயிற்று. குட்டன் திரும்பி நிற்பதற்குள் பன்னிரண்டு படம் தேவைப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் நயினார் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வேண்டும்.

"தல சுத்துதுக்கா."

"நீ சுத்தினாத்தான் அவன் சுத்துவான்."

திங்கட்கிழமை குட்டன் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றான். ஆறு கையும் இடப்பக்கம் போயின. பிறகு அவன் மெல்லத் திரும்பினான், அவன் இதயமும் திரையில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் வந்தது. ஒரு பையன் தானும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "இல்ல, என்னோடது இங்கேயே இருக்கு," என்றான். ஒருத்தர் கையும் மாறவில்லை.

அஞ்சு சிரித்துவிட்டாள். "சரி சேச்சி, உடம்பு இருக்கட்டும். அடுத்தது கிட்னி. எப்போ தருவீங்க?"

லீலாபாய் அதற்குள் மவுஸைப் பிடித்திருந்தார். "புதன்கிழமை. கிட்னி இருக்கதே முதுகுப்பக்கமாக்கும் மோளே. இத்தன வருஷமும் அதைக் குடலுக்குப் பின்னால ஒளிச்சு வச்சே வரைஞ்சிட்டேன்."