முக்காலி மேல் அரசமரம்

எங்கள் அத்தைக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. மாதுங்காவில் எங்கள் வீட்டின் முதல் கவலை அதுதான். இரண்டாவது கவலை, அவள் வளர்த்த அரசமரம்.

அவள் டைப்பிஸ்டாக இருந்த ஆபீஸில், ஜப்பான்காரர்கள் மேப்பிள் மரத்தைத் தட்டில் குள்ளமாக வளர்ப்பதை ஏதோ ஒரு பத்திரிகையில் பார்த்துவிட்டாள். பம்பாயில் மேப்பிளுக்கு எங்கே போவது? மொட்டைமாடிச் சுவர் விரிசலில் முளைத்திருந்த அரசங்கன்றைப் பெயர்த்து வந்து, அடியில் துளை போட்ட பீங்கான் தட்டில் நட்டாள். செம்புக் கம்பி சுற்றித் தண்டை வளைத்தாள். துளிர் நான்கு இலை விட்டால் இரண்டோடு கத்தரித்தாள். மண் மாற்றும்போது வேரையும் நறுக்கினாள். ஒரு கோடையில் எல்லா இலைகளையும் உருவிவிட்டாள். அடுத்து வந்தவை பாதி அளவில் வந்தன. சில வருஷங்களில் ஒரு முழ உயரத்தில் கிழட்டு மரம் ஒன்று எங்கள் பால்கனியில் நின்றது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும்.

அம்மாவோ அந்தப் பக்கமே போக மாட்டாள். வீட்டில் அரசு வைப்பதே ஆகாது, வெட்டுவது மகாபாவம்.

"அரசைப் போய் ஒடிக்கலாமோ? அதான் உனக்கு ஒரு வரனும் தகைய மாட்டேங்கறது."

"ஒடிக்கலை மன்னி, கிள்றேன்" என்பாள் அத்தை, கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

ஆவணி பிறந்ததும் ஒரு வரன் வீட்டார் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதனால் ஆடியிலேயே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஆபீஸ் போகும்போது மரத்தை எடுத்துப்போய் ரயில் லைன் ஓரம் போட்டுவிடுவார். அன்று அத்தை சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை விடிந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர். ரயில் ஓடவில்லை. அப்பா குடையை மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் கட்டடத்து மாமிகளால் உட்கார முடியவில்லை. அன்று அமாவாசை. திங்கட்கிழமையில் அமாவாசை வந்தால் அரசமரத்தைச் சுற்றியாக வேண்டும். தெருமுனை அரசமரமோ வெள்ளத்தில் நின்றது. மடிசார் கட்டிக்கொண்டு மாடிப்படியில் நின்று மழையைத் திட்டினார்கள்.

அத்தை என்னைக் கூப்பிட்டாள். "மேல் மாடி மாமிகிட்டப் போய், எங்காத்துல அரசு இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வா."

சொன்னேன். மாமி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கட்டடமே எங்கள் கூடத்தில் இருந்தது. நாற்காலி, அப்பா இரண்டையும் ஓரம் கட்டினார்கள். நடுவில் முக்காலி, அதன்மேல் மரம். அதைவிட உயரமும் அகலமுமான மாமிகள் பயபக்தியோடு வரிசையாகச் சுற்றினார்கள். முதல் ஆளாகச் சுற்றியது என் அம்மா. அத்தை பக்கத்தில் நின்று அதிகாரம் செய்தாள்.

"மஞ்சள் ஜலம் விடாதேங்கோ மாமி, வேர் அழுகிடும். பூவைக் கீழ வைங்கோ."

ஆபீஸில்கூட யாரையும் நிமிர்ந்து பார்க்காதவள் என்று பெயர். அன்று அத்தனை மாமிகளும் அவள் சொன்னபடி கேட்டார்கள். கடைசியில் அம்மா மரத்துக்குக் கற்பூரம் காட்டினாள். அப்பாவும் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரயில் லைன் பேச்சு அதோடு சரி.

ஆவணியில் வரன் வீட்டார் வந்தார்கள். பையனின் அம்மா பால்கனியை எட்டிப்பார்த்து, "இதெல்லாம் எங்காத்துல சரிப்படாது" என்றாள்.

"அப்போ நானும் சரிப்பட மாட்டேன், மாமி" என்றாள் அத்தை, மரியாதையாக.

அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். அத்தை பட்டுப்புடவையோடு பால்கனியில் உட்கார்ந்து, வாய்க்குள் ஏதோ பாடியபடி துளிர்களைக் கத்தரிக்க ஆரம்பித்தாள். பாவம், துக்கத்தை அடக்கத்தான் பாடுகிறாள் என்று நினைத்து, அவள் மடியில் முகம் புதைத்து நான் விசும்பி விசும்பி அழுதேன்.