வாசலில் ஒரு மஞ்சள் கோடு

அந்த மஞ்சள் கோட்டைப் போட்டவன் நான்தான். பெயர்ப்பலகையில் எழுத்துகளுக்கு அடியில் தொடங்கி, சுவர் வழியாக இறங்கி, கடை வாசலில் தரையோடு தரையாகக் குறுக்கே ஓடி முடியும். பெயின்ட் காய்வதற்குள் பத்துப் படம் எடுத்துச் சென்னை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன். தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரகடம் சாலையில் அந்தப் புத்தகக் கடையை நடத்தியவர் என் பெரியம்மா மகள். சேரப்பணஞ்சேரியிலிருந்து எட்டு வருடம் கம்பெனி பஸ் ஏறிப் போய், தொழிற்சாலை லைனில் நின்றபடியே வேலை பார்த்தவர். காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்த பிறகு வேலையை விட்டுவிட்டுக் கடை போட்டார். கைடும் ஜெராக்ஸும்தான் சோறு போட்டன. ஆனாலும் உள்ளே மூன்று அலமாரி நிறையக் கதைப் புத்தகங்களும் நான்கு நாற்காலிகளும் வைத்திருந்தார். ஹாஸ்டலில் தங்கி ஷிப்டுக்குப் போகும் பெண்கள் வந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். அக்காவின் ஆசையெல்லாம் அதுதான். அந்தப் பெண்களோ ஜெராக்ஸ் கடைதானே என்று கடந்து போனார்கள். அதனால்தான் விளம்பர ஆபீசில் இருந்த என்னைக் கூப்பிட்டு, கடையின் முகத்தையே மாற்றித் தரச் சொன்னார்.

பலகை, பை, புக்மார்க் எல்லாவற்றிலும் அதே மஞ்சள் கோடு. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து ரசித்த அக்கா, வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“இன்னாடா தம்பி, கம்பெனில கோடு போட்டுக்கீற மாதிரியே கீது?”

எனக்குச் சுருக்கென்றது. எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் கால் வைத்தறியாத நான், இந்தக் கோடு பார்க்கிறவர்களைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வரும் என்று ஒரு வகுப்பே எடுத்தேன். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்கா விட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது வாசலில் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். பலகை வேலை செய்துவிட்டது என்று நெஞ்சு நிமிர்ந்தது. பிறகுதான் அவர்கள் காலைப் பார்த்தேன். மூவரும் கோட்டுக்கு வெளியே, விரல்கூட அதில் படாமல் நின்றிருந்தார்கள். அக்கா அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுத்து வந்து காட்டுவதும், வேண்டாம் என்றவற்றைத் திரும்பக் கொண்டு போய் வைப்பதுமாக இருந்தார். உள்ளே வாருங்கள் என்றேன். தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கூச்சத்தோடு சொன்னாள்.

“இருக்கட்டும்ண்ணே. கோடு போட்ருக்குல்லா.”

அவர்கள் கம்பெனியில் மஞ்சள் கோட்டைக் கேட்காமல் தாண்டினால் சூப்பர்வைசர் பெயரை எழுதிக்கொள்வாராம். புதுப் பலகை மாட்டிய நாளிலிருந்து எல்லாப் பெண்களும் இப்படித்தான் நிற்கிறார்களாம். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த புத்தகத்தை அதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதே பெயின்டைக் கரைக்கும் தின்னர் வாங்கி வந்து குந்தித் தேய்த்தேன். கோடு போன பிறகும் அந்தப் பெண் தயங்கினாள். அக்கா வெளியே வந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

“புக்கு அப்பால பாத்துக்கலாம். மொதல்ல ஒக்காரு.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் புத்தகம் எதுவும் கேட்கவில்லை.

இப்போது கடையை அக்காவின் மகள் நடத்துகிறாள். நாற்காலிகள் பத்தாகிவிட்டன, ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் கிடைப்பதில்லை. அக்கா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. என் வார்த்தைக்கு மரியாதை கொடுத்து, அந்தக் கால்களோடு ஒரு மாதம் அலமாரிக்கும் வாசலுக்கும் நடந்திருக்கிறார். நான் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.