பெர்சுமா

தொண்ணூறுகளின் கடைசியில், பினாங்குத் தீவின் பாயான் பாருவில் ஒரு சின்ன உதிரிபாகத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என்னைக் கெட்டிக்காரன் என்று காட்டிக்கொள்ள, ஓப்பன் சோர்ஸ் சிஸ்டம் ஒன்றைப் போடலாம் என்று மானேஜருக்கு மலாயில் கடிதம் எழுதினேன். லைசென்ஸில் இருந்த 'ஃப்ரீ' என்ற சொல்லை 'பெர்சுமா', அதாவது இலவசம், என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். சிடிக்கு மட்டும் விலை, அப்டேட் காலத்துக்கும் பெர்சுமா என்று அளந்துவிட்டேன். அவர் மலாய்க்காரர், படித்தார், கையெழுத்துப் போட்டார். ஆர்டர் கணக்குகள் முழுக்க அந்த சிஸ்டம் போட்ட மெஷினுக்கு மாறின.

சரியாக ஒரு வருஷம். ஒரு காலை, சிஸ்டத்தில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று அறிவிப்பு வந்தது. செய்யப் போனால், உங்கள் சந்தா முடிந்துவிட்டது என்கிறது திரை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தாவா? இவர்கள் என்ன, மாதப் பத்திரிகையா நடத்துகிறார்கள்?

சிடி விற்ற கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். எடுத்தது ஒரு தமிழ்ப் பெண்.

"அண்ணே, பெட்டியிலயே ஒரு வருஷ அப்டேட்னு போட்டிருக்கே, பாக்கலியா?"

"லைசென்ஸ்ல ஃப்ரீன்னு இருக்கும்மா! ஏமாத்துறீங்களா?"

"அந்த ஃப்ரீ பெபாஸ்லா அண்ணே, பெர்சுமா இல்ல. சோர்ஸ் கோட் வெளியதான் இருக்கு. எடுக்கலாம், மாத்தலாம், யாருக்கும் குடுக்கலாம். அத நாங்க தயார் பண்ணி, டெஸ்ட் பண்ணி அனுப்புறதுக்குத்தான் சந்தா."

பெபாஸ் என்றால் சுதந்திரம். பினாங்கில் பிறந்து, மலாய்ப் பள்ளியில் படித்தவன் நான். லைசென்ஸை முழுக்கப் படிக்கக்கூட இல்லை, முதல் பக்கத்தோடு சரி.

மானேஜரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அந்த சோர்ஸை வைத்து நீயே அப்டேட் செய்வாயா?" என்று மலாயில் கேட்டார்.

"செய்யத் தெரியாது, என்சேக்" என்று மரியாதையாகச் சொன்னேன்.

சந்தாப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னை நிரந்தரமாக்கும் படிவத்தை எடுத்தார். மேலதிகாரி கருத்து என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் எழுதி, நான் போட்டது போலவே அடிக்கோடும் போட்டு என் பக்கம் தள்ளினார்.

பெர்சுமா.

மலாயில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: வீண். இந்த முறை நான் சரியாகவே மொழிபெயர்த்துக்கொண்டேன்.