வரப்பில் ஒதுங்காத பெண்

மரக்காணம் உப்பளத்து வரப்பு ஒற்றை ஆள் நடக்கும் அகலம்தான். எதிரே சுமையோடு யாராவது வந்தால், வெறுங்கையோடு போகிறவர்தான் பாத்தியில் இறங்கி வழிவிடுவார்.

அன்று பரிசோதனைக்கு எடுத்த உப்பை இரண்டு பைகளில் தூக்கிக்கொண்டு வந்தேன். எதிரே உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் வெறுங்கையோடு வந்தாள். குட்டையான உருவம், அகலமான தோள், உப்பில் வெளுத்த பாதங்கள், புடவைக்கு மேல் ‘தமிழ்நாடு’ என்று எழுதிய பனியன். முழங்காலை லேசாக மடக்கி நின்றுகொண்டாள்.

“ஏம்மா, சுமையோட வர்றேன். கொஞ்சம் ஒதுங்கு.”

“மாட்டேன்க்கா. ஒதுங்கித்தான் கேரளாகிட்ட தோத்தோம்.”

மாநிலப் பெண்கள் ரக்பி அணியில் ஆடுகிறாளாம். பந்தை அணைத்துக்கொண்டு ஓடிவருபவளை மறித்துச் சாய்ப்பதுதான் அவள் வேலை. கடைசி நிமிஷத்தில் கேரளாக்காரி ஒருத்தி நேராக அவளை நோக்கி வந்திருக்கிறாள்.

“அவ கையில பந்து, என் கையில ஒண்ணுமில்ல. கால் தானா ஒதுங்கிடுச்சுக்கா.”

“அதுக்கு நான் என்ன பண்ணேன்?”

“கூட வேலை செய்யறவங்களுக்கு ஒதுங்கித்தான் ஆவணும். நீங்க வெளியாளு. அவள மாதிரியே உயரமாவும் இருக்கீங்க. அடுத்த மாசம் மறுபடி அவங்களோட மேட்ச் இருக்குது.”

அவள் சிரிக்கவில்லை. பாய்ந்து சாய்க்கப் போகிறவள்போல் என் இடுப்பிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. கடைசியில் நான்தான் பைகளைத் தூக்கிப் பிடித்தபடி உப்புத்தண்ணீரில் இறங்கினேன்.

“தேங்க்ஸ்க்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த மேட்ச் என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. உப்புப் பூத்து விறைத்துப்போன என் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கேரளாக்காரியை நினைத்துத்தான் பாவமாக இருக்கிறது.